ஓசையின்றி வெப்பம் ஆற்றிய வரலாறு

வேலை செய்யும் எப்பொருளும் வெப்பமடையும் என்பது இயற்கையின் நியதி. ஓடிக் களைத்த குதிரையின் மேனி கொதிக்கிறது. மரம் அறுத்த வாள் கையைச் சுடுகிறது. மின்சாரம் பாய்ந்த கம்பி சூடேறுகிறது. கணனி செய்யும் வேலையோ கண்ணுக்குப் புலப்படாதது. அது பாரம் தூக்குவதில்லை, தண்ணீர் இறைப்பதில்லை, எண்களைக் கூட்டுகிறது, ஒப்பிடுகிறது, நினைவில் வைக்கிறது. ஆயினும் எண்ணும் தொழிலுக்கும் இந்நியதியிலிருந்து விலக்கில்லை. கணனிக்குள் புகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. 300 வாற்று மின்சாரம் கொள்ளும் கணனியை, மேசையோரத்தில் வைத்த 300 வாற்று அடுப்பு என்றே கொள்ளலாம்.

அவ்வெப்பத்தை வெளியேற்றாவிடின் பொறி பிழைபடும். வெளியேற்றுதற்கு விசிறி வேண்டும். விசிறி சுழன்றால் ஓசை எழும். ஓசை எழுந்தால், அப்பொறியின் முன்னிருந்து படிப்பவனும் எழுதுபவனும் இசை கேட்பவனும் அமைதியை இழப்பர். குளிர்ச்சியும் வேண்டும், அமைதியும் வேண்டும் என்னும் இவ்விரண்டு தேவைகளுக்கும் இடையே மனிதர் எண்பது ஆண்டுகளாக நடத்திவரும் வழக்கே இப்பேச்சின் பொருள். இன்று வீட்டில் தன் கையாலேயே கணனியைப் பூட்டி அமைக்கும் இளைஞர், கடையில் விசிறி வாங்கும்போது, தாம் அறியாமலே இந்த வழக்கில் ஒரு பங்கு கொள்கின்றனர்.

வால்வு வானொலிப் பெட்டிகளை அறிந்த மூத்த நேயர்கள் இவ்வழக்கின் தொடக்கத்தைக் கண்ணாரக் கண்டவர்களே. பெட்டியின் பின்புறத்தில் துளைகளிட்ட ஓர் அட்டை இருக்கும். உள்ளே வால்வுகள் செந்நிறமாய் ஒளிரும். அவற்றால் சூடேறிய வளி தானே மேலெழுந்து துளைகள் வழியே வெளியேற, குளிர்ந்த வளி கீழிருந்து அதன் இடத்தை நிரப்பும். மேற்காவுகை எனப் பள்ளி மாணவர் படிப்பது இதனையே. ஐந்தாறு வால்வுகளே உள்ள பெட்டிக்கு அது போதும். விசிறி இல்லை, ஆதலால் ஓசையும் இல்லை. பாட்டும் செய்தியும் தெளிவாகக் கேட்டன.

அதே இனத்து வால்வுகளை ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் அடுக்கினால் யாது நிகழும்? இவ்வினாவுக்கு விடை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கிடைத்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் கட்டப்பட்டு 1946 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் என்னும் பொறியில் ஏறக்குறைய 18,000 வால்வுகள் இருந்தன. அது கொண்ட மின்சாரம் சுமார் 150 கிலோவாற்று. மேற்காவுகையை நம்பி அத்தகைய பொறியை இயக்குதல் இயலாது. ஆகவே வலிமை மிக்க ஊதுவிசிறிகள் அதற்கென அமைக்கப்பட்டன. எப்பகுதியாவது அளவுக்கு மிஞ்சிச் சூடேறின் பொறியை நிறுத்திவிடும் காவற் சாதனங்களும் வைக்கப்பட்டன. அந்த மண்டபத்தில் ஓசையைப் பற்றி எவரும் கவலைப்பட்டாரில்லை. யுத்த காலத்துத் தேவைக்காகப் பிறந்த பொறி அது. தொழிற்சாலையில் இரைச்சல் இருப்பது போல அங்கும் இருந்தது. அவ்வளவே.

அடுத்துவந்த முப்பது ஆண்டுகளிலும் பெருங்கணனிகள் இந்த வழியிலேயே வளர்ந்தன. வால்வு போய்த் திரான்சிற்றர் வந்தது. திரான்சிற்றர்கள் பல சேர்ந்த சில்லு வந்தது. ஒவ்வோர் உறுப்பின் வெப்பமும் குறைந்தது உண்மையே. ஆனால் உறுப்புகளை இன்னும் நெருக்கமாக அடுக்கி, இன்னும் விரைவாக இயக்க மனிதர் முற்பட்டமையால் மொத்த வெப்பம் குறையவில்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1964 இல் அறிவித்த 360 வரிசையின் 91 ஆம் மாதிரிப் பொறிக்கு வளி மட்டும் போதாமல் நீரும் துணைக்கு அழைக்கப்பட்டது. 1976 இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்ட கிறே-1 சுமார் 115 கிலோவாற்று மின்சாரம் கொண்டது. குளிர்சாதனப் பெட்டியில் ஓடுவது போன்ற பிரியோன் திரவம் குழாய்கள் வழியே பாய்ந்து அதன் சூட்டை ஏந்திச் சென்றது. 1985 இல் வந்த கிறே-2 இல் மின்சுற்றுகள் யாவும் மின்கடத்தாத ஒரு திரவத்தினுள் மூழ்கியே இருந்தன.

இப்பெருமுயற்சிகள் வியப்பளிப்பன. ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். இப்பொறிகளுக்கெனத் தனி மண்டபம் இருந்தது. தனி மின்னிணைப்பு இருந்தது. காவற் பணியாளர் இருந்தனர். அவற்றின் முன் இருந்து ஒரு மாணவன் பாடம் எழுதவில்லை. ஆதலால் வெப்பத்தை எவ்வாறாயினும் வெல்லுதல் ஒன்றே அங்குக் குறிக்கோளாயிற்று. அமைதி என்னும் இரண்டாவது கட்சிக்காரர் வழக்கில் இன்னும் தோன்றவில்லை.

அவர் தோன்றியது கணனி வீட்டுக்குள் நுழைந்தபோது. 1977 ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனத்தார் அப்பிள் இரண்டு என்னும் பொறியை வெளியிட்டனர். வீட்டு மேசையில் வைக்கும் பொருளில் விசிறி இரையலாகாது என்று அந்நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவரான ஸ்டீவ் ஜொப்ஸ் விரும்பினார். விருப்பம் மட்டும் போதுமா? அக்காலத்து மின்வழங்கிகள் கனத்த மின்மாற்றியுடன், பெற்ற மின்சாரத்தில் பெரும் பங்கை வெப்பமாக வீணாக்கின. றொட் ஹோல்ற் என்னும் பொறியியலாளர் வேறொரு வழியை மேற்கொண்டார். மின்னோட்டத்தை ஒரு கணத்தில் பல்லாயிரம் முறை திறந்தும் மூடியும் அளந்து வழங்கும் முறை அது. அதனால் மின்வழங்கி எடை குறைந்தது. வீண் வெப்பமும் குறைந்தது. பெட்டிக்கு விசிறி தேவைப்படவில்லை. வெப்பம் பிறக்குமிடத்திலேயே அதனைக் குறைத்துப் பெற்ற அமைதி அது.

மூன்றாண்டு கழித்து அதே நிறுவனம் அப்பிள் மூன்று என்னும் பொறியை 1980 மே மாதத்தில் அறிவித்தது. இதற்கும் விசிறி கூடாது. காற்றுத் துவாரங்களும் கூடாது என்பது கட்டளை. முன்னையதிலும் மிகுதியான சில்லுகள் உள்ளே நெருக்கமாக அமைந்தன. வெப்பத்தை ஏற்று வெளிவிடுதற்கெனக் கனத்த அலுமினிய வார்ப்பு ஒன்று அடிப்பாகமாக இடப்பட்டது. பொறி விற்பனைக்கு வந்ததும் முறைப்பாடுகள் குவிந்தன. சில்லுகள் தத்தம் குழிகளிலிருந்து தளர்ந்து எழும்பின. பொறியைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போட்டால் அவை மீண்டும் பொருந்தும் என்று வாங்கியோருக்கு அறிவுரை கூறப்பட்ட செய்தி இன்றும் கதையாக வழங்குகின்றது. முதலில் விற்ற சுமார் 14,000 பொறிகளை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. மின்பலகையின் அமைப்பிலும் இணைப்புகளிலும் குறைகள் இருந்தன என்பாரும் உளர். வெப்பம் ஒன்றே காரணமன்று என்பது ஏற்கத்தக்கதே. ஆயினும் வெப்பத்துக்கு வழி அடைக்கப்பட்டிருந்தமை அந்தத் துன்பத்தில் பெரும்பங்கு கொண்டது என்பதே பொதுவான முடிபு.

இவ்விரு பொறிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் இவ்வரலாற்றின் சாரம் விளங்கும். விரும்பியவர் ஒருவரே, விரும்பிய பொருளும் ஒன்றே. முதற்பொறியில் அமைதி உழைத்துப் பெறப்பட்டது. இரண்டாம் பொறியில் அது ஆணையிட்டுக் கேட்கப்பட்டது. வெப்பம் ஆணைக்கு அடங்கவில்லை.

1984 இல் வந்த மக்கின்ரோஷும் விசிறியின்றியே பிறந்தது. ஆயினும் அதற்கு மேலும் கீழும் துவாரங்கள் இருந்தன. வானொலிப் பெட்டியின் பழைய மேற்காவுகை அதில் மீண்டும் வேலை செய்தது. பொறியின் வேலைப்பளு வளர வளர அதுவும் போதாதாயிற்று. 1987 இல் அவ்வரிசையின் எஸ்.ஈ. என்னும் மாதிரியில் விசிறி புகுந்தது. இதற்கு மாறாக, ஐ.பி.எம். நிறுவனத்தார் 1981 ஆகஸ்ட் மாதத்தில் வெளியிட்ட தனியாட் கணனியில் தொடக்கத்திலேயே மின்வழங்கிக்குள் ஒரு விசிறி இருந்தது. அது சற்று இரைந்தது. ஆனால் பொறி நின்று உழைத்தது. அலுவலகங்கள் அதனை ஏற்றன. அக்கணனியின் மூளையாகிய 8088 என்னும் சில்லுக்குத் தனியே எவ்வித குளிரூட்டலும் வேண்டியிருக்கவில்லை. வெறுமேனியாக அது மின்பலகையில் அமர்ந்திருந்தது.

அந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. ஒரு சில்லு வெளியிடும் வெப்பத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. இயங்கும் வேகம் இரட்டித்தால் வெப்பமும் இரட்டிக்கும். மின்னழுத்தம் இரட்டித்தாலோ வெப்பம் நான்கு மடங்காகும். ஏனெனில் அழுத்தத்தின் வர்க்கத்தோடு அது வளர்வது. 8088 ஒரு செக்கனில் 47 இலட்சத்துக்கு மேற்பட்ட துடிப்புகளோடு இயங்கியது. 1993 இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட முதற் பென்ரியம் 6 கோடி துடிப்புகளோடு, 5 வோல்ற்று அழுத்தத்தில் இயங்கிற்று. அதன் வெப்பம் சுமார் 15 வாற்று. விரல் நகமளவான ஒரு பரப்பிலிருந்து இவ்வளவு வெப்பம் எழும்போது சுற்றியுள்ள வளி அதனைத் தானே ஏந்தாது. எனவே அலுமினியச் செட்டைகளைக் கொண்ட கட்டி ஒன்று சில்லின் மேல் ஏறியது. 'ஹீட் சிங்க்' எனக் கடைக்காரர் வழங்குவது அதுவே. அதன் தலையில் ஒரு சிறு விசிறியும் ஏறியது. அடுத்த ஆண்டில் அழுத்தத்தை 3.3 வோல்ற்றாகக் குறைத்த மாதிரிகள் வந்தபோது, அக்குறைப்பு ஒன்றினாலேயே அதே வேகத்துக்குரிய வெப்பம் பாதிக்கும் கீழாயிற்று. ஆனால் மிச்சமான வெப்பத்தை உற்பத்தியாளர் அமைதிக்காகச் சேமிக்கவில்லை. அதனை மேலும் வேகத்துக்கே செலவிட்டனர்.

2000 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஏ.எம்.டி., இன்டெல் என்னும் இரு நிறுவனங்களும் சில நாள் இடைவெளியில் செக்கனுக்கு 100 கோடி துடிப்பு என்னும் எல்லையை எட்டின. அவ்வேகப் போட்டியின் நடுவே வீட்டிலிருந்தோர் காதுகள் துன்புற்றன. 60 மில்லிமீற்றர் அகலமே உள்ள விசிறிகள் நிமிடத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் முறை சுழன்றன. கணனியை இயக்கினால் அறையில் மாவரைக்கும் பொறி ஓடுவது போன்ற தோற்றம். இரவில் படிக்கும் பிள்ளைக்கு அது இடையூறு. அதே அறையில் உறங்கும் குழந்தைக்கும் இடையூறு.

இந்த இரைச்சலின் காரணத்தை ஆராய்ந்தவர்கள் விசிறிகளின் விதிகளை மீண்டும் எடுத்துப் பார்த்தனர். விதிகள் பழையவை, பயன்படுத்தும் எண்ணமே புதியது. விசிறியின் சுழற்சியைப் பாதியாக்கினால் அது தள்ளும் வளியும் பாதியாகும். ஆனால் ஓசையோ சுமார் 15 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தாலே காதுக்கு ஓசை பாதியானது போலத் தோன்றும் என்பதை நினைவிற் கொண்டால் இதன் பயன் தெளிவாகும். குளிர்ச்சியிற் சிறிது விட்டுக்கொடுத்தால் அமைதியிற் பெரிது கிடைக்கும். இனி, 120 மில்லிமீற்றர் விசிறியின் பரப்பு 60 மில்லிமீற்றர் விசிறியின் பரப்பைப் போல நான்கு மடங்கு. ஆகவே அகன்ற விசிறி மெதுவாகச் சுழன்றே, சிறுவிசிறி விரைந்து சுழன்று தள்ளும் வளியைத் தள்ளிவிடும். பனையோலை விசிறியால் நிதானமாக வீசும் பாட்டியும், சிறு அட்டையைப் படபடவென்று ஆட்டும் பேரனும் ஒரே அளவு காற்றைப் பெறலாம். களைப்பும் சத்தமும் பேரனுக்கே.

இவ்விதியை முதலிற் செயற்படுத்தியவர்கள் பெரிய நிறுவனத்தாரல்லர். வீட்டில் கணனி பூட்டும் ஆர்வலர்களே. விசிறிக்கு உரிய அழுத்தம் 12 வோல்ற்று. கணனியின் மின்வழங்கியில் 12 வோல்ற்றுக் கம்பியும் 5 வோல்ற்றுக் கம்பியும் உண்டு. விசிறியின் இரு முனைகளையும் இவ்விரண்டிலும் பொருத்தினால் அவற்றின் வேறுபாடாகிய 7 வோல்ற்று மட்டும் அதற்குக் கிடைக்கும். விசிறி மெல்லச் சுழலும். ஒரு சதமும் செலவில்லாத இவ்வுபாயம் நாடு கடந்து பரவியது. அதிர்ச்சி பெட்டிக்குப் பரவாதிருக்க விசிறியை இறப்பர் முளைகளில் ஏற்றினர். உள்ளே சுழலும் வன்தட்டின் அதிர்வை அடக்க அதனை மீள்தன்மையுள்ள நாடாக்களில் ஊஞ்சல் போலத் தொங்கவிட்டனர். பின்னர் அகன்ற, மெதுவான விசிறிகளையும் பெருங்குளிரூட்டிகளையும் செய்வதே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் கொரியாவிலும் ஐரோப்பாவிலும் தோன்றின. கொரியாவின் சல்மன், 2005 இல் ஒஸ்திரியாவில் தொடங்கிய நொக்துவா என்பன அவ்வகையின.

ஆயினும் சில்லின் மீது நேரே அமர்ந்த சிறு உலோகக் கட்டியில் அகன்ற விசிறியைப் பொருத்த இடமேது? வெப்பத்தைச் சில்லின் சிறு பரப்பிலிருந்து விரிந்த செட்டைகளுக்குக் கொண்டுசெல்ல ஒரு தூதுவன் தேவைப்பட்டான். அத்தூதுவன் வேறொரு துறையில் ஏற்கனவே பிறந்திருந்தான். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த றிச்சர்ட் கோக்லர் 1944 இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எவரும் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. 1963 இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குறோவர் அதே தத்துவத்தைத் தாமாகக் கண்டு செயற்படுத்தினார். வெப்பக் குழாய் எனப்படுவது அதுவே. விண்வெளிக் கலங்களுக்கு அது பயன்பட்டது.

வெப்பக் குழாயின் இயல்பு எளிது. இரு முனைகளும் அடைத்த செப்புக் குழாயிலிருந்து வளியை அகற்றிச் சிறிது நீரை விட்டிருப்பர். வளியழுத்தம் இல்லாமையால் அந்நீர் சிறு சூட்டிலேயே ஆவியாகும். சூடான முனையில் எழுந்த ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகும். குழாயின் உட்சுவரில் விளக்குத்திரி போன்ற நுண்துளைப் படலம் இருக்கும். திரியில் எண்ணெய் ஏறுவது போல நீர் அதன் வழியே சூடான முனைக்குத் திரும்பும். இயந்திரமில்லை, ஓசையில்லை. கணனித் துறை இக்குழாயைக் கைக்கொண்டதும் செட்டைகள் கோபுரம்போல் உயர்ந்தன. அவற்றின் பக்கத்தில் 120 மில்லிமீற்றர் விசிறி நிதானமாகச் சுழன்றது. விண்வெளிக்குச் சென்ற கருவி வீட்டு மேசைக்கு அமைதி கொண்டுவந்தது.

இதனோடு வளி செல்லும் பாதையையும் சீர்செய்ய வேண்டியிருந்தது. 1995 இல் இன்டெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். என்னும் பெட்டியமைப்பை வகுத்தது. மின்வழங்கியின் விசிறி வெளிவளியை உள்ளிழுத்துச் சில்லின்மேல் வீசினால் ஒரே விசிறி இரு வேலை செய்யும் என்பது அதன் முதல் எண்ணம். ஆனால் மின்வழங்கியைக் கடந்து வந்த வளி முன்னமே சூடேறியிருந்தது. சூடான வளியால் குளிரச் செய்வது எங்ஙனம்? பின்னர் அம்முறை மாற்றப்பட்டு, விசிறி வளியை வெளியே தள்ளுவதாயிற்று. 2003 இல் அதே நிறுவனம் வளியின் பாதையையே முதன்மையாகக் கொண்டு பி.ரி.எக்ஸ். என்னும் புதிய அமைப்பை முன்வைத்தது. அது வேரூன்றவில்லை, 2006 இல் கைவிடப்பட்டது. அதற்குத் தேவை குறைந்துபோனமையே முக்கிய காரணம். அத்தேவை குறைந்த கதையே இவ்வரலாற்றின் திருப்புமுனை.

2004 பெப்ரவரியில் வந்த பென்ரியம் நான்கின் பிறெஸ்கொற் மாதிரியின் சில்லுப் பரப்பு 112 சதுர மில்லிமீற்றர். அதன் வெப்பம் 103 வாற்று வரை சென்றது. இதனை ஒரு சமையலறைக் கணக்கோடு ஒப்பிடலாம். 18 சென்ரிமீற்றர் விட்டமும் 1,000 வாற்றும் உள்ள மின்னடுப்புத் தட்டு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 4 வாற்று வெளியிடும். அச்சில்லோ 90 வாற்றுக்கு மேல் வெளியிட்டது. அடுப்பைப்போல் இருபது மடங்குக்கும் அதிகம்! உறுப்புகள் சிறுக்கச் சிறுக்க அழுத்தமும் வெப்பமும் அதற்கேற்பக் குறையும் என்று ஐ.பி.எம். அறிஞர் றொபேட் டெனார்ட் 1974 இல் காட்டிய நெறி முப்பது ஆண்டுகள் உலகைக் காத்தது. இப்பொழுது அது தளர்ந்தது. மிக நுண்ணிய உறுப்புகளில், வேலை செய்யாத வேளையிலும் மின்சாரம் கசிந்து வெப்பமாயிற்று. 2004 மே மாதத்தில் இன்டெல் தன் அடுத்த சில்லுத் திட்டத்தை நிறுத்தியது. அவ்வாண்டு ஒக்ரோபரில் செக்கனுக்கு 400 கோடி துடிப்பு என்னும் இலக்கையும் கைவிட்டது. வேகம் ஒன்றையே வழிபட்ட காலம் வெப்பத்தின் முன் பணிந்தது.

2006 ஜூலையில் வெளிவந்த கோர் 2 டியுவோ என்னும் சில்லு வேறு பாதையில் நடந்தது. இரு மூளைகள், நிதானமான வேகம், 65 வாற்று வெப்பம். வேலையோ முன்னையதிலும் மிகுதி. வெப்பம் பிறக்குமிடத்திலேயே குறைக்கப்பட்டது. அதே காலத்தில் நான்கு கம்பி விசிறியும் வழக்கில் வந்தது. சூட்டுக்கேற்ப விசிறியின் வேகத்தைக் கணனியே கூட்டிக் குறைப்பதற்கு அதன் நான்காவது கம்பி உதவுகின்றது. அக்கம்பியில் வரும் கட்டளைத் துடிப்புகள் செக்கனுக்கு 25,000. மனிதக் காது கேட்கும் எல்லையாகிய 20,000 ஐக் கடந்தவை. ஆதலால் கட்டளையும் காதில் விழாது. 2004 இல் அமெரிக்காவில் தொடங்கிய 80 பிளஸ் என்னும் தகுதி முறை, பெற்ற மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் வழங்கும் மின்வழங்கிகளை ஊக்கியது. 1977 இல் ஹோல்ற் கண்ட உண்மையின் விரிவே அது. பின்னர் சுழலும் வன்தட்டின் இடத்தில் அசையாத நினைவகம் வந்தபோது, பெட்டிக்குள் ஓசை எழுப்புவது விசிறி ஒன்றே என்னும் நிலை ஏற்பட்டது.

இத்தனை அனுபவத்தையும் பெற்றவராக இன்று கணனி பூட்டுவோர் கருதத்தக்கவை சிலவே. முதலாவது, சில்லுக்கும் குளிரூட்டிக்கும் இடையே வளி தங்கலாகாது. வளியைவிடச் செம்பு ஏறக்குறைய பதினையாயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே இரண்டு உலோகப் பரப்புகளின் நுண்ணிய பள்ளங்களை நிரப்பவே பசை இடப்படுகின்றது. ஒரு பட்டாணி அளவு போதும். அப்பிப் பூசுதல் பயனன்று. இரண்டாவது, வளிக்கு ஒரே திசை வேண்டும். முன்புறத்தின் கீழ்ப்பகுதியில் குளிர்ந்த வளி நுழைந்து, சூட்டை ஏந்திப் பின்புறத்து மேற்பகுதியால் வெளியேறுதல் நன்று. குறுக்கே கிடக்கும் கம்பிகளை ஒதுக்கிக் கட்டுதலும், தூசி வடிகட்டியை அடிக்கடி தட்டித் துப்புரவு செய்தலும் ஒரு விசிறி கூட்டுவதற்குச் சமம். மூன்றாவது, எவ்வளவு வளி வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். 300 வாற்று வெப்பத்தை, வளி 10 பாகை மட்டும் சூடேறி ஏந்திச்செல்ல வேண்டுமாயின், நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரைக் கன மீற்றர் வளி தேவை. அகன்ற விசிறி இரண்டு மூன்று மெல்லச் சுழன்றே அதனைத் தரும். ஒரே விசிறியை விரட்டி ஓட்டுவதை விட இது சாலச் சிறந்தது. ஒத்த இரு விசிறிகள் சேரும்போது ஓசை 3 டெசிபெல் மட்டுமே கூடும்.

எந்த விசிறியும் அறையிலுள்ள வளியிலும் குளிர்ச்சியாகப் பொறியை ஆக்கிவிடாது என்பதும் மறக்கத்தக்கதன்று. குளிர்நாட்டார் 20 பாகை அறையிற் சோதித்துக் கூறும் அளவுகள், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பிற்பகலில் 30 பாகையைக் கடக்கும் அறைக்கு அப்படியே பொருந்தா. அங்கு 70 பாகை காட்டிய சில்லு இங்கு 80 காட்டும். ஆகவே வெப்ப நாட்டில் கணனி அமைப்போர் ஒரு படி பெரிய குளிரூட்டியைத் தெரிதலும், பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதிருத்தலும் ஆடம்பரமல்ல, தேவையே. இக்காலச் சில்லுகள் சூடு மிஞ்சினால் பொதுவாக எரிந்து போவதில்லை. தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதனால் குறை வெளியே தெரியாது. பணம் கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பங்கு, வழியில்லாத வெப்பத்தால் நாள்தோறும் இழக்கப்படும்.

வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணுதல் தவறு. 2022 இல் வந்த ஓர் உயர்தரப் படவரைகலை அட்டை 450 வாற்றும், அவ்வாண்டின் உயர்தரச் சில்லு ஒன்று உச்ச வேலையில் 253 வாற்றும் கொள்ளத்தக்கன. 2025 இல் அவ்வகை அட்டை 575 வாற்றை எட்டியது. எனியாக்கின் மண்டபத்துக்கு ஒப்பிட்டால் இது சிறிதே. ஆனால் அது மண்டபம். இது பிள்ளை படிக்கும் அறை. போட்டி என்னும் பெயரால் வெப்பத்தைப் பெருக்கி, பின்னர் அதனை அடக்க விசிறிகளைப் பெருக்கும் பழைய பாதையில் தொழில்துறை மீண்டும் கால் வைத்துள்ளது. அந்தப் பாதை முன்னொரு முறை எங்கே போய் முட்டியது என்பதை 2004 ஆம் ஆண்டு காட்டியுள்ளது. வேண்டாத வேகத்தை வாங்காதிருத்தலும், வாங்கிய சில்லின் அழுத்தத்தைச் சிறிது தாழ்த்தி இயக்குதலும் இன்று ஒவ்வொரு வீட்டாருக்கும் இயலும். அழுத்தத்தின் வர்க்கத்தோடு வெப்பம் குறையும் என்னும் அதே கணக்கு அவர்களுக்கும் துணை நிற்கும்.

எண்பது ஆண்டு வரலாறு கற்பிக்கும் பாடம் இதுவே. வெப்பம் இல்லையென்று பாவித்து வாயிலை அடைத்தவர் தோற்றனர். வெப்பத்தை வலிமையால் அடக்க முயன்றவர் வென்றனர். ஆனால் இரைச்சலைக் கூலியாகக் கொடுத்தனர். அதனைப் பிறக்குமிடத்திற் குறைத்து, எஞ்சியதற்கு அகன்ற வழி திறந்துவிட்டவரே குளிர்ச்சியையும் அமைதியையும் ஒருங்கே பெற்றனர். கணனிக்கு மட்டுமன்றி, பலர் கூடி வாழும் வீட்டுக்கும் நாட்டுக்கும் இது பொருந்தும் என்று நேயர்கள் கருதுவார்களாயின், அதுவும் தவறாகாது.